டார்வென்: காசு கொடுத்துக் கெட்ட கிளப்பா?

வாசகர் ஒருவர் எழுதியது:
கால்பந்தில் காசு நுழைந்த நாளில்தான் சின்ன ஊர் கிளப்புகளுக்குச் சனி பிடித்தது. இங்கிலாந்தில் டார்வென் என்று ஒரு மில் ஊர். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துக் கூட்டிவந்த முதல் கிளப்புகளில் ஒன்று அதுதான். இருபது வருடத்தில் லீக்கை விட்டே போனார்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான். யாராவது மறுக்க முடியுமா?

மார்ச் 2, இரவு 10.40

நான் மறுக்கிறேன்.

காசு வருவதற்கு முன்னால் அந்த கிளப் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். தொடங்கியது 1870. மில் முதலாளி வால்ஷ் குடும்பத்துப் பையன்கள் ஹாரோ என்ற பெரிய இடத்துப் பள்ளியில் படித்தவர்கள். விடுமுறைக்கு வரும்போது பள்ளியில் ஆடிய ஆட்டத்தையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ரக்பி, கிரிக்கெட் எல்லாம் கலந்துதான் நடந்திருக்கிறது. 1875 வாக்கில் இன்று நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் நிலைத்துவிட்டார்கள். ஆக, பந்து முதலாளி வீட்டிலிருந்து வந்தது. உதைக்க வந்தவர்கள் அவருடைய தறியில் நின்றவர்கள்.

அவர்களுக்கு உதைக்க நேரம் எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் பெண்களையும் சிறுவர்களையும் மில்லில் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது, அதனால் எல்லோருக்கும் அரைநாள் விடுதலை. 1874-ல் அந்த நேரம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. டார்வென் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்து ஊர்களில் கால்பந்து அப்படித் தொற்றியதற்கு இந்தச் சனிக்கிழமைப் பிற்பகல்தான் காரணம் என்பேன்.

டார்வென் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பிளாக்பர்னுக்குத் தெற்கே சில மைல், மேட்டு நிலங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஊருக்கு அடையாளம் ஒரு மில் புகைபோக்கி, 303 அடி உயரம், வெனிஸ் நகரத்து மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டியது. அந்த மில்லின் பெயர் இந்தியா மில். இப்போதும் நிற்கிறது.

மார்ச் 3, காலை 7.15

உச்சரிப்பைத் திருத்தியவருக்கு நன்றி. உள்ளூர்க்காரர்கள் 'டாரென்' என்றுதான் சொல்வார்களாம். சரி. திருநெல்வேலியைத் தின்னவேலி என்று சொல்லி வளர்ந்தவன் நான், எனக்கு இது புரியும். எழுத்தில் டார்வென் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3, இரவு 11.20

1879 கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

எஃப்.ஏ. கோப்பை, அதாவது தோற்றால் வெளியே என்று இங்கிலாந்து கிளப்புகள் மோதும் போட்டி. அதன் காலிறுதி. டார்வென் எதிரே ஓல்ட் ஈட்டோனியன்ஸ். ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள், வங்கி, நிலம், பட்டம் எல்லாம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். லார்ட் கின்னெயர்டு என்று பின்னால் புகழ்பெற்ற தாடிக்காரர் அந்த அணியில்தான் ஆடினார். காலிறுதி முதல் எல்லா ஆட்டமும் லண்டன் கென்னிங்டன் ஓவலில்தான் என்பது அன்றைய விதி. ஆக, வடக்கிலிருந்து இருநூறு மைல் ரயிலில் போவது டார்வென் பாடு, பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருவது அவர்கள் பாடு.

பிப்ரவரி 13, சனிக்கிழமை. கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது 5-1 என்று ஈட்டன்காரர்கள் முன்னிலை. அதோடு முடிந்தது என்று யாரும் நினைத்திருப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் டார்வென் நான்கு கோல் அடித்து 5-5 ஆக்கியது. கூடுதல் நேரம் ஆடலாமா என்றால் ஈட்டன்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவன் யார், இன்னும் ஓடத் தயாராக இருப்பவன் யார் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மறு ஆட்டம் மார்ச் 8, மறுபடியும் ஓவல், 2-2. மூன்றாவது ஆட்டம் மார்ச் 15, அதுவும் ஓவல், 6-2 என்று ஈட்டன்காரர்கள் ஜெயித்தார்கள். அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்கே போனது.

இந்தப் பயணங்களுக்கு ஊரில் வசூல் நடந்தது. மொத்தம் 175 பவுண்டு. அதில் கால்பந்துச் சங்கம் கொடுத்தது 10, ஈட்டன்காரர்களே கொடுத்தது 5. மிச்சம் பெரும்பாலும் ஊர்க்காசு. காசுதான் கிளப்பைக் கெடுத்தது என்கிறவர், இந்தக் காசை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

மார்ச் 4, மதியம் 1.05

என் தவறு. நேற்று தூக்கக் கலக்கத்தில் பிப்ரவரி 13 சனிக்கிழமை என்று எழுதிவிட்டேன். நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வியாழக்கிழமை. மறு ஆட்டங்கள் இரண்டும்தான் சனிக்கிழமை.

தவறு என்றாலும் நல்ல தவறு, இல்லையென்றால் இதை யோசித்திருக்க மாட்டேன். வியாழன் ஆட்டம் என்றால் குறைந்தது புதன் மாலை ரயில் ஏற வேண்டும், வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்ப முடியும். தறிக்காரனுக்குத் தறி ஓடினால்தான் கூலி. ஓவலில் நின்ற ஒவ்வொரு டார்வென்காரனும் இரண்டு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு நின்றிருக்கிறான். சனிக்கிழமை ஆட்டத்துக்கும் வெள்ளிக்கிழமை வேலை போயிருக்கும்.

அதற்கு முந்தைய வருடம் 1878 எப்படிப்பட்ட வருடம் தெரியுமா? அந்த வட்டாரத்து மில் முதலாளிகள் கூலியில் பத்து சதவீதம் வெட்டினார்கள். வாரக்கணக்கில் வேலைநிறுத்தம், கதவடைப்பு. மே மாதம் பிளாக்பர்ன் பக்கத்தில் முதலாளிகள் தரப்புத் தலைவர் ஒருவரின் வீட்டையே கொளுத்தினார்கள். கடைசியில் தொழிலாளர்கள் தோற்றுப்போய், வெட்டிய கூலிக்கே வேலைக்குத் திரும்பினார்கள். இது ஆறி ஒன்பது மாதம்கூட ஆகாதபோது கால்பந்துக்காக 175 பவுண்டு கொடுத்த ஊர் அது.

மார்ச் 5, இரவு 9.50

இப்போது கேள்வி கேட்டவர் சொன்ன அந்த வெளியூர் ஆட்டக்காரர்கள். இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள்.

1878 ஜனவரி 1 அன்று கிளாஸ்கோ பக்கத்துப் பார்ட்டிக் அணி டார்வெனுக்கு வந்து ஆடியது. அதில் ஆடியவர் ஃபெர்கஸ் சூட்டர், கல்தச்சர். அந்த வருடமே ஜேம்ஸ் லவ் டார்வெனுக்கு வந்து சேர்ந்தார், பின்னாலேயே சூட்டரும். ஸ்காட்லாந்தில் அப்போது பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி ஆடும் பாணி வளர்ந்திருந்தது. இங்கிலீஷ் கனவான்களோ ஒருவனே பந்தை உருட்டிக்கொண்டு ஓட, மற்றவர்கள் பின்னால் கூட்டமாக ஓடுவார்கள். அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஆள் வந்தது.

சூட்டர் கொஞ்ச நாள் கல் வேலைக்குப் போனார். அப்புறம் விட்டுவிட்டார். காரணம் கேட்டதற்கு, இங்கிலாந்துக் கல் ரொம்பக் கடினம், கையும் தோளும் வீங்குகிறது என்றாராம். ஆனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. எப்படி? பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார்: நிலையான சம்பளம் என்று எதுவும் கிடையாது, தேவைப்படும்போது பொருளாளரைப் போய்ப் பார்ப்போம், சில சமயம் மூன்று வாரம் எதுவும் வாங்காமல் இருந்துவிட்டு மொத்தமாகப் பத்து பவுண்டு கேட்போம், இல்லை என்று சொன்னதே இல்லை.

பொருளாளரைப் போய்ப் பார்ப்பது. இந்த இடத்தைப் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மார்ச் 5, இரவு 10.10

'இங்கிலாந்துக் கல் கடினம்' என்பதை இனி அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதப் போவதாகச் சொன்னவருக்கு: எங்கள் மேலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் ஒருநாளும் கோல் அடித்ததில்லை.

மார்ச் 8, காலை 6.30

சிரித்ததற்குக் காரணம்.

எங்கள் ஊரும் மில் ஊர்தான். சங்கு ஊதினால் ஊர் எழும், சங்கு ஊதினால் ஊர் தூங்கும். அப்பா ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். சாயங்கால ஆட்டத்துக்கு முதல் ஷிஃப்ட் முடித்த ஆட்கள் நேராக மைதானத்துக்கு வருவார்கள், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். முதல் பத்து நிமிடம் தும்மிக்கொண்டேதான் ஆடுவார்கள். நான் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடுகிறவன். ரொம்ப நல்ல லெஃப்ட் பேக் இல்லை. ஆனால் ஊரில் இடது காலால் உதைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

1989-ல் சுற்றுவட்டாரத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்ட் ஒன்று, ரொக்கப் பரிசோடு. அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிரணியில் கெஸ்ட், அதாவது காசு கொடுத்துக் கூட்டிவரும் வெளியூர் ஆட்டக்காரர்களை, இறக்குகிறார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி. உடனே எங்கள் கமிட்டியும் கெஸ்ட் தேடியது. கேரளத்துப் பொழியூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஃபார்வர்ட், இன்னொருவர் பேக். எந்த பேக் என்று கேட்காதீர்கள்.

அப்போது நான் கிளப் பொருளாளரும்கூட. அதாவது என்னை உட்காரவைத்த ஆளுக்கு நானே கையில் காசு கொடுத்தேன். மைதானத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை, அதன் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சேட்டா, சாயா பறைஞ்ஞோ?" என்றார், அண்ணா, டீ சொல்லியாச்சா என்று. டீயும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் தோற்றோம். எதிரணியில் மூன்று கெஸ்ட்.

மார்ச் 9, இரவு 11.45

நேற்று எழுதியதிலிருந்து மனசுக்குள் ஒன்று உறுத்துகிறது. முதல் குறிப்பில் 'நான் மறுக்கிறேன்' என்று அவ்வளவு வேகமாக எழுதியிருக்கக் கூடாது.

1880 கோடையில் சூட்டர் டார்வெனை விட்டு பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் போனார். நூறு பவுண்டு கைமாறியதாக ஊரில் பேச்சு. யாருக்கு எவ்வளவு என்பதை விடுங்கள். டார்வென் யாருக்காகப் பொருளாளர் பெட்டியைத் திறந்ததோ, அவரை இன்னும் பெரிய பெட்டி இழுத்துக்கொண்டது. பக்கத்து ஊர், சில மைல் தூரம். எவ்வளவு எரிந்திருக்கும்! அந்த நவம்பரில் இரண்டு அணிகளும் பிளாக்பர்னில் மோதியபோது சூட்டருக்கும் டார்வென் ஆட்டக்காரர் ஒருவருக்கும் கைகலப்பு, கூட்டம் உள்ளே புகுந்தது, ஆட்டம் பாதியில் நின்றது. அந்தப் பக்கம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில்தான் லங்காஷயர் கோப்பை தொடங்கியது, முதல் கோப்பையை டார்வென் வென்றிருந்தது.

ஆகவே கேள்வி கேட்டவருக்குப் பாதி கொடுக்கிறேன். காசு கொடுத்து ஆள் எடுக்கும் பாதையில் முதலில் போனவன், பின்னால் வருகிற பெரிய பணப்பைக்கு வழிகாட்டுகிறான். இது எனக்கு 1989-லேயே தெரிந்திருக்க வேண்டும். மூன்று கெஸ்ட்.

ஆனால் மீதிப் பாதி என்னுடையது. சூட்டர் போன அடுத்த பருவத்தில் டார்வென் என்ன செய்தது? ரோம்ஃபோர்டை 15-0 என்று நொறுக்கியது, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிவரை போய், இன்னொரு பெரிய பள்ளியின் பழைய மாணவர் அணியான ஓல்ட் கார்த்தூசியன்ஸிடம் 4-1 என்று தோற்றது. அந்த கார்த்தூசியன்ஸ்தான் கோப்பையைத் தூக்கியது. அதாவது சூட்டர் இருந்தபோது எட்டியதைவிட, அவர் போன பிறகு ஒரு படி அதிகமாகவே எட்டினார்கள். கற்றுக்கொடுத்தவர் போனாலும் கற்ற பாடம் ஊரில் தங்கிவிட்டது. இதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

மார்ச் 10, காலை 8.00

ஒரு சின்னச் சேர்க்கை. தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1885 ஜூலையில்தான். அதுவரை எல்லோரும் ஒளித்துத்தான் கொடுத்தார்கள். 1883-ல் கோப்பையை வென்று ஈட்டன்காரர்களை வீழ்த்திய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணியும் மில் ஆட்களும் கைவினைத் தொழிலாளிகளும் நிறைந்த அணிதான். ஆறே வருடத்தில், 1889-ல், ஒலிம்பிக் கடையை மூடியது. அதே ஊரில் ரோவர்ஸ் இருந்தது, சூட்டரோடு 1884, 85, 86 என்று மூன்று வருடம் கோப்பையை வாங்கிக்கொண்டு. ஒரு ஊரில் இரண்டு கடை ஓடாது.

மார்ச் 12, இரவு 10.25

லீக் விவகாரம். 1888-ல் கால்பந்து லீக் பன்னிரண்டு அணிகளோடு தொடங்கியது. அதில் பாதி லங்காஷயர்: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன். டார்வென் பட்டியலில் இல்லை. மூன்று வருடம் கழித்து 1891-ல் லீக்கைப் பதினான்காக விரித்தபோதுதான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே விட்ட முதல் பருவத்திலேயே கடைசி இடம். 1892 ஏப்ரல் 4-ம் தேதி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 12-0 என்று அடித்தது. மேல் பிரிவில் அந்த வித்தியாசத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை, பின்னால் ஒரே ஒரு முறை சமமாக்கியிருக்கிறார்கள். அப்புறம் புதிதாக வந்த இரண்டாம் பிரிவு. அங்கிருந்து ஒரு வருடத்தில், மேல் பிரிவுக்குப் போவது யார் என்று முடிவுசெய்யும் தேர்வு ஆட்டத்தில் நாட்ஸ் கவுண்டியை 3-2 என்று வென்று மேலே வந்தார்கள், மறு வருடமே மறுபடியும் கீழே.

கடைசிப் பருவம் 1898-99. தொடர்ந்து 18 தோல்வி. 34 ஆட்டத்தில் 141 கோல் வாங்கினார்கள், அதில் மூன்று ஆட்டம் 10-0. அதோடு லீக்கை விட்டு வெளியேறினார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நான் அந்தக் கோல்கீப்பரை நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரமும் வந்து நின்றிருக்கிறாரே.

காரணம்? என் கணக்கு இது. சட்டப்படி சம்பளம் வந்த பிறகு, வாசலில் டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம்தான் கிளப்பின் வருமானம். டார்வென் முப்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊர், சில மைலில் பிளாக்பர்ன், இந்தப் பக்கம் போல்டன். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் கிளப்புகளோடு அதே லீக்கில் சம்பளப் போட்டி போட வேண்டும். இது வினையும் இல்லை, விதைத்ததும் இல்லை. எங்கள் ஊரில் ஒரே ஒரு டீக்கடைக்காரர், டவுன் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் ஓட்டலோடு போட்டி போட்ட மாதிரி.

மார்ச் 12, இரவு 10.40

மறந்தே போனேன். 1878 அக்டோபரிலேயே டார்வென் மைதானத்தில் மின்விளக்கு போட்டு இரவு ஆட்டம் நடத்தியிருக்கிறார்கள். எடிசன் பல்பு பிறப்பதற்கு முந்தைய வருடம்! எங்கள் ஊர் மைதானத்தில் விளக்கு வந்தது 2011-ல். அதிலும் ஒரு கம்பத்தில் எரியாது.

மார்ச் 15, பிற்பகல் 3.30

'இதெல்லாம் நமக்கு எதற்கு' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பிளாக்பர்ன் வட்டாரத்துத் தறிகளில் பெரும் சரக்கு ஒன்று வேட்டி. இந்தியச் சந்தைக்கென்றே நெய்த வேட்டி. அதனால் 1931 செப்டம்பர் 26 அன்று டார்வெனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்திருந்த காந்தி, அந்நியத் துணி புறக்கணிப்பால் வேலை இழந்தவர்களை நேரில் பார்க்க லங்காஷயருக்குப் போனார். டார்வென் ஸ்பிரிங் வேல் பகுதியில் தங்கினார். கிரீன்ஃபீல்ட் மில் பெண் தொழிலாளர்கள் அவரைச் சுற்றி நின்று கைதட்டிச் சிரிக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்களின் பாட்டன்கள்தான் 1879-ல் 175 பவுண்டு வசூல் கொடுத்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அது நடந்து மூன்றரை மாதத்தில், 1932 ஜனவரியில், அதே டார்வென் அணி கோப்பை ஆட்டத்துக்காக லண்டன் போய் ஆர்செனலிடம் 11-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலுக்காக நான் சண்டை போடுவேன்.

மார்ச் 21, இரவு 11.10

ஜேம்ஸ் லவ் என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சூட்டருக்குக் கோப்பையும் பின்னால் ஓட்டல் தொழிலும் கிடைத்தன. 1916 வரை வாழ்ந்தார். லவ் கால்பந்தை விட்டுக் கடற்படைத் துருப்பில் சேர்ந்து, 1882 எகிப்துப் போருக்குப் போய், அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டார். வயது இருபத்தைந்துகூட இல்லை. காசுக்கு ஆடிய முதல் ஆட்களில் ஒருவர் என்று பெயர், அந்தக் காசில் எதுவும் மிஞ்சியதாகத் தெரியவில்லை.

டார்வென் கிளப் 2009-ல் கலைக்கப்பட்டது. அதே வருடம் புதுப் பெயரில் ஒன்று தொடங்கினார்கள், இன்றும் ஆடுகிறது.

இன்னொன்று. இந்தப் பேச்சு வந்ததால் பரண் மேலிருந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 1989 கணக்கு நோட்டு அப்படியே இருக்கிறது, ஓரம் மட்டும் செல்லரித்திருக்கிறது. என் கையெழுத்தில் அந்த அரையிறுதிப் பக்கம்: கெஸ்ட் 2, பஸ் 64, சாப்பாடு 38, கையில் 300, டீ 3. அதற்குக் கீழே, பென்சிலில், 'லெஃப்ட் பேக் – 0'. அதை எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் கையெழுத்து என்னுடையதுதான்.